ஐம்பத்திரண்டாவது மணி

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடித்தபசு அன்று மத்தியானம், சங்கரன்கோவிலில் என் வீட்டில் தொடங்கியது இது. ஊர் மொத்தமும் அம்மன் தபசுக் காட்சி பார்க்கக் கிளம்பிப் போயிருந்தது. எங்கள் தெருவில் மிச்சம் இருந்தது நானும் ஒரு சொறிநாயும்தான். அதிலும் நாய் சாப்பிட்டிருந்தது.

நான் விசைத்தறி மெக்கானிக். முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து, வீட்டில் "தண்ணி குடு" என்பதையும் கத்திச் சொல்கிற ஆள். அன்று விடுமுறை. ஒரு தறியும் ஓடவில்லை. எங்கள் தெரு சத்தமில்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆடிக்காற்று மட்டும் பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தது. யாரோ என் வீட்டை விசாரித்து வருகிற மாதிரி இருந்தது.

பயப்பட எனக்கு வேறு காரணமும் இருந்தது. தொண்டையில் ஒரு கட்டி. சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் மறுநாள். மனைவி, மகளின் பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாள். அவளிடம் சளி என்று சொல்லிவைத்திருந்தேன். சபையில் சிரிக்கவைக்கிற ஆள் என்று எனக்குப் பெயர். என்னை ஜெபம் பண்ணச் சொன்னால் ஆமென் வருவதற்குள் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். அப்படிப்பட்டவன் போய்ப் பயமாக இருக்கிறது என்றால் அதற்கும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

பரண்மேல், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கிற அட்டைப்பெட்டி இருந்தது. டிசம்பர் வரை அதை யாரும் தொடமாட்டார்கள். அதற்குள் ஒரு பாட்டிலை முந்தின நாள் வாங்கி ஒளித்திருந்தேன்.

ஒரு வருஷமாகக் குடியை விட்டிருந்தவன் நான். விட்டதற்குக் காரணம் என் கூட்டாளி. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. எங்கள் சபைக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பான். நான் பக்கத்தில் நின்று பாடுவேன். மற்ற நாட்களில் சேர்ந்து குடிப்போம். முந்தின ஆடியில் ஈரல் கெட்டு இறந்துபோனான். அடக்கத்தில் அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கடைசியில் நின்றேன். அதற்குப் பிறகும் அவள் எதிரே வந்தால் சந்து மாறிப் போய்விடுவேன்.

பெட்டியை இறக்கி, நட்சத்திரத்தை ஓரமாக எடுத்துவைத்து, பாட்டில் மூடியில் கை வைத்தேன். மணி அடித்தது.

எங்கள் சபையில் யாராவது இறந்தால் வயதுக்கு ஒன்றாகத் துக்க மணி அடிப்பார்கள். ஓர் அடி, ஓர் இடைவெளி, அடுத்த அடி. கேட்கிறவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு எண்ணுவோம். எண்ணிக்கையை வைத்தே ஆள் யாரென்று பாதி பேர் சொல்லிவிடுவார்கள். நானும் விரல்கணுவில் எண்ணினேன். முப்பது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று. பிறகு ஓர் இடைவெளி, மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம். ஐம்பத்திரண்டு. நின்றுவிட்டது.

அந்த வயதில் எங்கள் சபையில் இருந்தது ஒரே ஆள். நான்.

போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இருந்தேன். மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு வந்தது. ஆனால் செத்தவனுக்கும் தனக்கு மூச்சு வருகிற மாதிரியேதான் தோன்றுமோ என்று ஒரு சந்தேகம். சிரிக்காதீர்கள். காலியான தெருவில், சத்தமில்லாத மத்தியானத்தில், தொண்டையில் கட்டியோடு இருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். தினமும் என்னைப் பார்த்துக் குரைக்கிற அந்த நாய் அன்று குரைக்கவில்லை. என்னை ஊடுருவி எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது. இரண்டு தெரு நடந்தேன். ஒரு மனிதர் இல்லை. "யாராவது இருக்கீயளா?" என்று கேட்கலாம் என்றால், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

கோயில் கதவு ஒருக்களித்திருந்தது. மணிக்கூண்டின் அடியில் கயிறு தனியாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆல்ட்டர் பீடத்துப் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து என்னைப் பார்த்து வந்தது.

"ஏசப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன.

"ஏன்ணே இப்படிக் கத்துதீய?" என்றது வெள்ளை. என் கூட்டாளியின் மனைவி. வெள்ளைச் சேலையில், கையில் விளக்குமாறோடு நின்றாள்.

"தங்கச்சி, நான் உன் கண்ணுக்குத் தெரியுதேனா?"

"நல்லாத் தெரியுதீய. ஒரு கால்ல மைனி செருப்பு கெடக்கு. அதுவும் தெரியுது."

ஒரு காலில் என் மனைவியின் செருப்பு இருந்தாலும், அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நற்செய்தி அதுதான். அப்புறம்தான் யார் இறந்தது என்று கேட்டேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"யாரும் சாவல. அவுகளுக்குத்தான் அடிச்சேன். போன வருசம் கூண்டு வேலைன்னு மணிய எறக்கிப் போட்டிருந்தாவ. மணி இல்லாமத்தான கொண்டுபோனோம்? அது மனசுல கெடந்து அறுத்துக்கிட்டே இருந்துச்சு. சபை ஐயருகிட்டக் கேட்டேன். அடிச்சுக்கோம்மான்னாவ. சனம் பதறக் கூடாதுன்னுதான் தபசு அன்னைக்கு அடிச்சேன். நீங்க ஒரு ஆளு மாட்டிக்கிட்டீய."

"அவனுக்கு அம்பத்தொண்ணுதான? நீ ஏன் அம்பத்திரெண்டு அடிச்ச?"

"அம்பத்தொண்ணுதான் அடிச்சேன்."

மணிக்கூண்டின் படியைக் காட்டினாள். கணக்குத் தப்பக் கூடாது என்று புளியமுத்தை எண்ணிக் கொண்டுவந்து, ஓர் அடிக்கு ஒரு முத்தாகத் தள்ளிவைத்திருந்தாள். இருவரும் குனிந்து எண்ணினோம். ஐம்பத்தொன்று. மறுபடி எண்ணினோம். ஐம்பத்தொன்று.

"அடிச்சு முடிச்சுக் கயித்தக் கொக்கியில கட்டிட்டுத்தானே உள்ள போனேன். பெறவு ஒண்ணு கேட்ட மாதிரி இருந்துச்சு, காதுல மிச்சமிருந்த இரைச்சல்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

கயிறு கட்டியிருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த மணியை ஒரு தடவை அடிக்க இரண்டு கையாலும் தொங்க வேண்டும். மேலே அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை.

"காத்தா இருக்கும்" என்றாள். அவள் நம்பிச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டி, ரிசல்ட், சளி என்ற பொய், பாட்டில்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீய?"

"நட்சத்திரப் பெட்டியில."

சிரித்துவிட்டாள். "அவுக ஆர்மோனியத்துக்குள்ள. ரெண்டு பேரும் கர்த்தரையே காவல் வச்சிருக்கீய." சிரிப்பு நின்றதும் அவள் முகம் மாறியது. "ஒரு வருசமா என்னக் கண்டா ஓடுதீய. நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன்? அவுக வாயப் புடிச்சு நீங்க ஊத்தல. ஆனா கூட இருந்து குடிச்சீய. ரெண்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. முழங்கால் போடுங்க."

போட்டேன். என்னிடம் ஒரு வேடிக்கை வார்த்தைகூட வரவில்லை. "ஆண்டவரே, பயமா இருக்கு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் அவள் ஜெபித்தாள். என்னைக் குணமாக்கும்படிகூடக் கேட்கவில்லை. "இந்த அண்ணன் இன்னைக்குத் தனியா இருக்கக் கூடாது ஆண்டவரே" என்றாள், அவ்வளவுதான். பயம் போகவில்லை. ஆனால் அதுவரை என்னைத் துரத்திக்கொண்டிருந்த பயம், என் பக்கத்திலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்த மாதிரி அமைதியாகிவிட்டது.

எழுந்ததும், "மைனிக்குப் போன் போடுங்க" என்றாள். கோயில் படியில் வைத்தே பேசினேன். மனைவி அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். கூட்டத்தில் நசுங்கிப் பஸ் மாறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிட்டாள். அதற்கு முன்பே பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்திருந்தேன். கடைசிச் சொட்டு விழும்வரை கூட்டாளியின் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

ரிசல்ட் நல்லதாக வரவில்லை. மருந்து ஏற்றினார்கள், கரண்ட் வைத்தார்கள். பாதிக் குரல் போய்விட்டது. நான் இப்போது பாடுவதில்லை. அதற்காக ஸ்தோத்திரம் செலுத்தியவர்கள் பாடகர் குழுவில் உண்டு.

மணி ஐம்பத்தொன்றோடு நின்றிருந்தால், வேறு யாரோ என்று நினைத்துப் பாட்டிலைத் திறந்திருப்பேன். மிச்சம் ஒன்றை அடித்தது காற்றா, வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை செக்கப்புக்குப் போகும்போதும் இன்றைக்கும் கை நடுங்குகிறது. ஆனால் நடுங்குகிற கையோடு போய் முழங்கால் போட எனக்கு ஓர் இடம் இருக்கிறது, என்னால் முடியாதபோது எனக்காக ஆமென் சொல்ல ஆள் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.