எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்ட்

செனாய் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. பேருக்குத்தான் கம்ப்யூட்டர், பாதி நாள் பாஸ்வேர்டுக்காக ஓடுவதே பிழைப்பு. சில வாரங்களுக்கு ஒருமுறை, உள்ளே நுழையும்போதே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லித் திரை வழிமறிக்கும். மாற்றாமல் விடாது.

பேக்கிங் லைனில் லேபிள் அச்சடிக்க ஒரே கம்ப்யூட்டர். எல்லா சிப்டுக்கும் ஒரே கணக்கு, அதுவும் லைன் லீடர் அக்காவின் பெயரில். ஆளுக்கொரு கணக்கு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். செலவாம். அதனால் அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். திரை கேட்கும் நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராவது ஒருவருடைய மோட்டார் சைக்கிள் நம்பரைப் புது பாஸ்வேர்டாக வைத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். அந்தக் குரூப்பில் நானும் இருந்தேன், மேனேஜரும் இருந்தார்.

அன்று காலை அக்கா என்னைத் தேடி ஓடி வந்தார். கணவருக்கு டயாலிசிஸ், வீட்டில் இவர் சம்பளம் ஒன்றுதான். வேலையில் யாரிடமும் ஒரு சொல் வாங்காதவர், அன்று முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அலமாக், தம்பி! நைட் சிப்டுல ஒருத்தர் மாத்திட்டு குரூப்புல போடாம போயிட்டாரு. கான்ட்ராக்ட் முடிஞ்சு இன்னைக்கே ஊருக்கு பிளைட் ஏறிட்டாராம், போன் போகல. ஷெட்டுல நிக்கிற மோட்டார் நம்பர் எல்லாத்தையும் அடிச்சுப் பாத்தோம், லாக் ஆயிருச்சு லா. வெளிய லாரி நிக்குது."

முன்பெல்லாம் நானே மாற்றிக் கொடுத்துவிடுவேன். அந்த அதிகாரத்தையும் தலைமையகம் பிடுங்கிக்கொண்டது. கணக்குக்கு உரியவரே போனில் பேச வேண்டும். தலைமையகத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நேற்றிரவு மாற்றியது நீங்கள்தானே என்று மறுமுனையில் மலாயில் கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்துவிடும். நான் பலமாகத் தலையாட்டினேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, "புக்கான் சாயா" என்றார். நான் இல்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், லைனில் உள்ள ஒருவர் மாற்றினார் என்று மலாயிலேயே விளக்கமும் சொன்னார்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, விசாரணை முடியும்வரை கணக்கு மூடப்பட்டது என்றார்கள்.

"என்ன தம்பி, உண்மையத்தானே சொன்னேன்?"



பாஸ்வேர்டைப் பிறருக்குக் கொடுத்தது குற்றம் என்று அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டது குரூப்பில் இருந்த அதே மேனேஜர். அவர் அறைக்குப் போய்க் கத்தினேன். "அவங்க கையில ஒரே கணக்கக் கொடுத்தது நீங்கதானே சார்?" தலைமையகத்து முடிவு, உன் வேலையைப் பார் என்றார். முதலில் ஆத்திரமாக இருந்தது. நாளாக நாளாக அதுவும் வற்றிப்போய், காலையில் எழுந்து கிளம்பவே மனம் இல்லாமல் போனது. யாரிடம் முறையிடுவது? இந்த விதியை எழுதியவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் அக்காவைத் தெரியாது.

புது லைன் லீடர் வந்தார். அவர் பெயரில் ஒரு கணக்கு, மறுபடியும் ஒன்றே ஒன்று. தலைமையகம் சொன்னபடி நான்தான் திறந்து கொடுத்தேன். முதல் முறை நுழையும்போதே மாற்றச் சொல்லித் திரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் குரூப்பில் செய்தி வந்தது.

"பழைய அக்கா மோட்டார் நம்பர வச்சிருக்கேன். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும் லா."