நகப்பூச்சு வைத்த கல்

கல்லைக் கனசதுரமாக வெட்டலாம் என்று எனக்குத் தோன்றியது ஐதராபாத் சைனிக்புரியில், அத்தை வீட்டில், மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தபோது. பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைக்கிற மைசூர்பாகு அது. மேல்பக்கம் புள்ளி புள்ளியாக ஓட்டைகள். அதே துண்டைப் பக்கவாட்டில் திருப்பினால் ஓட்டைகளைக் காணோம். மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள். கடிப்பதை நிறுத்திவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஏல, தின்னுததுக்குத்தான குடுத்தேன்? அதுல என்னத்தப் பாக்க?" என்றார் அத்தை. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அவர் பேச்சு ஊரைவிட்டு நகரவில்லை.

"நக்கோ மம்மி, டிஸ்டர்ப் பண்ணாத. ரிசர்ச் சல்ரா" என்றாள் அத்தை மகள். அவள் இங்கேயே பிறந்து படித்தவள். 'வேண்டாம்' என்பது 'நக்கோ'வாகவும் 'நடக்குது' என்பது 'சல்ரா'வாகவும் அவள் தமிழில் ஊர் உருது கலந்துவரும். அமீர்பேட்டையில் ஜாவா கற்றுக்கொண்டிருந்தாள். நகரத்தில் பாதிப் பேர் அங்கேதான் ஜாவா கற்கிறார்கள்.

நான் கற்றுக்கொண்டிருந்தது வேறு. பூமியின் மேலோட்டுக்கு அடியில் மேன்டில் என்ற தடித்த அடுக்கு இருக்கிறது. யாரும் அங்கே போனதில்லை. அதுவரை துளை போட்டதும் இல்லை. ஆனால் எப்போதோ பொங்கி வந்த எரிமலைக் குழம்பு அங்கிருந்து சில கற்களைப் பிய்த்து மேலே கொண்டுவந்திருக்கிறது. அந்தக் கற்களுக்குள் ஒலி அதிர்வைச் செலுத்தி, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. மேன்டில் பாறை மிக மெதுவாக நகரும்போது அதன் படிகங்கள் ஒரே திசையில் சாய்ந்து வரிசையாகிவிடும். அந்தத் திசையில் அதிர்வு விரைந்து போகும், குறுக்கே போனால் தயங்கும். ஆகவே வேக வித்தியாசம் தெரிந்தால், பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதும் தெரியும்.

சிக்கல் கல்லின் அளவில் இருந்தது. கைக்குள் அடங்கும் கற்கள்தான் கிடைக்கும். ஒரு கல்லுக்கு ஒரு உருளை குடைந்து எடுப்பது வழக்கம். மூன்று திசை வேண்டுமென்றால் மூன்று கல். அப்புறம் வித்தியாசம் திசையால் வந்ததா, கல்லால் வந்ததா என்று சண்டை. ஒரே கல்லில் ஒரு கனசதுரம் வெட்டினால் மூன்று திசையும் ஒரே உடம்பில் இருக்குமே!

திங்கட்கிழமை மேடத்திடம் போய் நின்றேன். மேடம்தான் என் ஆய்வு நெறியாளர். ஐதராபாத்தில் வேரூன்றிவிட்ட தமிழர்; 'ஆமா'வுக்கு இந்த ஊர் 'ஹவ்'தான் சொல்வார். கனசதுரம் வெட்டுகிற அளவுக்கு அவரிடம் ஒரே ஒரு கல் இருந்தது. பச்சைப் பாசி நிறத்தில், உள்ளே கருஞ்சிவப்புத் துகள்களோடு, அலமாரியில் பல வருடமாகத் துணி சுற்றிக் கிடந்தது.

"ஹவ், ஐடியா நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்லை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது. "இது போச்சுன்னா வேற கிடையாது. உனக்கும் இந்த வேலை கிடையாது. நிலநடுக்கப் பதிவுகளைத் திருத்தற வேலை நிறையக் கிடக்கு, அங்க உக்காத்தி வெச்சுடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

கல்லின் மேல்தோலில் படிகங்கள் நீண்டு கிடந்த வரி மங்கலாகத் தெரிந்தது. அதன் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். கனசதுரமாக வெட்டியபின் அந்த வரி கண்ணுக்குப் பிடிபடாது. ஆறு முகமும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் வெட்டியவுடன் முகங்களில் அடையாளம் இட வேண்டும். ஒரு முகத்தைத் தண்ணீர் பாய்ச்சி இழைக்கும்போது மற்ற முகங்களில் இருக்கும் மார்க்கர் மை போய்விடும். இதற்கு எங்கள் துறையில் நகப்பூச்சுதான். மெட்டுகுடாவில் என் அறைக்குக் கீழே இருந்த பேன்சி கடையில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் அத்தை மகளிடம் கேட்டேன்.

"யாருக்கு அத்தான்?"

"ஒரு கல்லுக்கு."

"கல்லுக்கா! மம்மி, அத்தானுக்குக் கல்லோட செட் ஆயிடுச்சு!" என்று சமையலறைப் பக்கம் கத்தினாள். கத்திவிட்டு ரத்தச் சிவப்பில் ஒரு புட்டி கொடுத்தாள்.

வரியின் திசையில் இருந்த முகங்களுக்கு ஒரு பொட்டு, அடுத்த ஜோடிக்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. இழைத்து முடித்தபோது கல் பெரிய பகடைக்காய் போல இருந்தது. மறுநாள் அதிர்வைச் செலுத்திப் பிடிக்கும் சென்சார்களை ஒட்டுவதாகத் திட்டம்.

மறுநாள் நான் போனபோது மேசைமேல் கல் பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டும் இல்லை.

பக்கத்து மேசைக்காரர், வாரங்கல்காரர், எனக்கு இரண்டு வருடம் மூத்தவர், பெருமையோடு திரும்பினார். சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் பேசுவார். "கிளீன் பண்ணிட்டேன் தம்பி. அசிட்டோன்ல மூணு தடவை. இனி நீ ஒட்டலாம்."

சென்சார் ஒட்டுமுன் அசிட்டோனால் துடைப்பது எங்கள் ஆய்வகத்தின் மாறாத விதி. நகப்பூச்சை அழிக்க அத்தை மகள் வைத்திருப்பதும் அசிட்டோன்தான். உருளையாக இருந்தால் நீளத்தை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாம். கனசதுரத்துக்கு ஏது நீளம்?

"அண்ணா, அதுல பொட்டு இருந்துச்சே..."

"சிவப்பா? நான் ஏதோ கறைன்னு..." பாதியில் அவருக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். "அய்யய்யோ. மேடம்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். கொஞ்சம் இருங்க."

வெட்டியபோது விழுந்த ஓரத் துண்டுகள் குப்பைக்குப் போகாமல் தட்டிலேயே கிடந்தன. அவற்றின் வெளிப்பக்கத்தில் மேல்தோலும் என் பெயிண்ட் கோடும் இருந்தன. உள்பக்கம் ஏதோ ஒரு முகத்தோடு ஒட்டியிருந்த பக்கம். கருஞ்சிவப்புத் துகள்களில் சில ரம்பத்தால் இரண்டாகியிருக்கும். பாதி துண்டில், பாதி கல்லில். இரண்டு பாதியையும் சேர்த்துவிட்டால் போதும்.

ஆளுக்கொரு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரம்பமும் இழைப்பும் கொஞ்சம் கல்லைத் தின்றிருந்ததால் எதுவும் அச்சாகப் பொருந்தவில்லை. "இந்தா, மாங்கா மாதிரி ஒண்ணு" என்பார் அவர். நான் பார்த்தால் அது மாங்காயாக இருக்காது. மதியச் சாப்பாட்டை மறந்தோம். கடைசியில் அவர் சொன்ன ஒரு மாங்காயும் அதன் அருகே மூன்று சிறு துகள்களும் ஒரு முகத்தில் அப்படியே இருந்தன. பிறகு இன்னொரு முகமும் கிடைத்தது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். எது முன், எது பின் என்பது மட்டும் தெரியவில்லை. அதனால் பாதகமில்லை. அதிர்வு போவதற்கும் வருவதற்கும் ஒரே வேகம்தான்.

மேடத்திடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, அழுத்திப் பாருங்க" என்றார்.

அழுத்துவதில்தான் உயிர் இருந்தது. கல் மேலே வரும்போது மயிரிழை விரிசல்கள் விடும். வேக வித்தியாசம் அந்த விரிசல்களாலும் வரலாம். எண்ணெய்க் கலனில் வைத்து எல்லாப் பக்கமும் அழுத்தினால் விரிசல்கள் மூடிக்கொள்ளும். அப்புறமும் வித்தியாசம் மிஞ்சினால் அது படிகங்களுடையது. மிஞ்சாவிட்டால் நாங்கள் அளந்தது வெறும் விரிசலை, கல் வீண்.

தொடக்கத்தில் திரையில் மூன்று திசைகளின் வேகக் கோடுகளுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. அழுத்தம் ஏற ஏறக் குறுகியது. இன்னும் குறுகியது. மேடம் திரையைப் பார்க்காமல் அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரங்கல் அண்ணா ஏதோ தெலுங்கில் முணுமுணுத்தார். ஒரு கட்டத்துக்கு மேல் கோடுகள் நெருங்குவதை நிறுத்திவிட்டன. அழுத்தத்தைக் கூட்டினோம், மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாகவே போயின. பெயிண்ட் வரியின் திசைதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

"அவ்ளோதான். இது படிகம்தான்" என்றார் மேடம். யாரும் கத்தவில்லை. கேன்டீனுக்குப் போய் டீ குடித்தோம். அவர்தான் வாங்கித் தந்தார்.

டீ முடியும் முன்பே எனக்கு அடுத்த அரிப்பு தொடங்கிவிட்டது. மூன்று திசை தெரிந்துவிட்டது, சரி. அவற்றுக்கு நடுவே? மிக வேகமான திசை எங்கள் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கல்லை உருண்டையாக்கினால் எந்தத் திசையில் வேண்டுமானாலும் அளக்கலாம்.

"மூலையெல்லாம் போயிடும். கல்லு இன்னும் சின்னதாகும்" என்றார் மேடம்.

"ஆகும் மேடம்."

அவர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல கிரானைட்ல உருட்டிக் காட்டு. அது உருண்டையா வந்தாத்தான் இதைத் தருவேன்" என்றார்.

கிரானைட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பாலாநகரில் ஒரு லேத் பட்டறையை அண்ணா விசாரித்து வைத்திருக்கிறார். இரும்பு உருண்டை கடைவார்களாம், கல்லைத் தொட்டதில்லையாம். திங்கட்கிழமை காலை ஒரு துண்டோடு அங்கே போகிறோம்.