சிவப்புக் கோடு விழுந்த வரி

நான்கு தாள்கள். தட்டச்சு எழுத்து மங்கி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்துபோயிருக்கிறது. மூன்றாம் தாளின் நடுவில் ஒரு வரியின் மேல் சிவப்புப் பென்சில் கோடு. ஒருமுறைக்கு இருமுறை அழுத்தி இழுத்த கோடு. மற்றதெல்லாம் மங்கியும் அந்தச் சிவப்பு மட்டும் நேற்றுப் போட்டதுபோல் கிடக்கிறது, பாழாய்ப்போன சிவப்பு. எங்கள் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்து ஆறு வருடம் கழித்து, போன மாதம்தான் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்து ஒதுக்கினேன். அடியில் இது இருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கோடு போட்டவள் நான்.

அப்போது நாங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அவருக்குப் பலசரக்குக் கடை. நான் மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். மாதம் ஒருமுறை அவர் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய் வானொலியில் பேசிவிட்டு வருவார். ஒரு விவசாயி, ஒரு வாத்தியார், ஒரு கடைக்காரர் என்று மூன்று பேர் கடை வாசலில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு தமிழ் நிகழ்ச்சி. அரசாங்கம், கோயில், சபை, கல்யாணம், வாய்க்கால் தண்ணீர் எல்லாம் அதில் வரும். கடைக்காரராகப் பேசுவது நிஜக் கடைக்காரரான இவர். ஊரில் ரேடியோ வைத்திருந்த வீடு இரண்டோ மூன்றோ. பஞ்சாயத்துப் பூங்காவில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்தான் மற்ற எல்லோருக்கும். குழாய்க்குக் கேட்கும் என்று நினைப்பதுபோல ஆட்கள் அதனோடு சண்டை போடுவார்கள். "ஓய், கருப்பட்டிக்கு இந்த வில வச்சிட்டு அங்க போயி நியாயமா பேசுதீரு?" என்று ஒருவர் கேட்பார். பூங்காவே சிரிக்கும். எனக்குப் பெருமை பொங்கும், பொய் சொல்வானேன்.

அந்தச் சிரிப்பு துப்பாக்கிச் சூட்டோடு நின்றது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த ஆண்டு அது; கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. கூட்டத்தில் வெறுமனே நின்ற என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் நான்கு நாள் கழித்து விட்டார்கள். வாங்கிய அறையில் அவனுக்கு வலது காது கேட்காமல் போயிற்று. அதன் பிறகு பூங்காவுக்கு வந்தால் இடது காதைக் குழாய்ப் பக்கம் திருப்பி ஒருக்களித்து நிற்பான்.  எங்களுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு அம்மாளின் ஒரே மகன் குண்டுபட்டுச் செத்துப்போனான். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயல்வீட்டார்தான் கஞ்சியும் பயறும் துவையலும் கொண்டுபோக வேண்டும். சாமிதோப்புக்குப் போகிற அய்யாவழிக்காரர்கள், சபைக்குப் போகிற கிறிஸ்தவர்கள் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. ஆனால் அந்த வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. எதிர்ச் சாயாக்கடையில் காக்கி இல்லாமல் சாதாரணச் சட்டை போட்ட ஒரு போலீஸ் ஆள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். நாங்களும் போகவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதப் பேச்சுக்குத் தலைப்பு அயல்வீடு. இவர் தன் பங்கை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். "சாவு விழுந்த வீட்டுக்கு அயல்வீட்டுக்காரன் கஞ்சி கொண்டுபோவணும். என்ன சாவுன்னு கேக்கப்பிடாது." நான் பதறிப்போனேன். "இந்த வரி வேண்டாம். என் தம்பி கெதியப் பாத்தீயளா? உங்களையும் அடிச்சுப் போட்டா நான் என்ன செய்வேன்?" என்று கையைப் பிடித்தேன். "வானொலி ஆபீசர் பாத்துத்தான் விடுவாரு ஏட்டி. வேண்டாம்னா வெட்டிருவாரு" என்றார். ஆபீசர் வெட்டிவிட வேண்டும் ஆண்டவரே என்று ஒரு வாரம் முழங்காலில் நின்றேன்.

தட்டச்சு செய்து சம்மத முத்திரை குத்திய பிரதி எப்போதும் கடை விலாசத்துக்குத்தான் வரும். அந்த வாரம் கடையடைப்பு. தபால்காரர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரித்தேன். வரி அப்படியே இருந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. பயத்திலும் வெப்ராளத்திலும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மேசைமேல் பிள்ளைகளின் நோட்டுத் திருத்தும் சிவப்புப் பென்சில் கிடந்தது. இழுத்தேன். பிறகு, ஆபீசர் வெட்டியதாக அவர் நினைக்கட்டும் என்று, உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி அவரிடம் கொடுத்தேன். மற்ற இருவரிடமும் இதே பிரதி இருக்கும், இவர் வரியை விட்டால் அடுத்துப் பேசுகிறவர் தடுமாறுவார் என்பதெல்லாம் என் மூளையில் ஏறவே இல்லை. அவர் தாளைப் பார்த்தார். மடித்து உறையிலேயே வைத்தார்.  மறுநாள் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, "பயப்படாத. எழுதினதத்தான் வாசிப்பேன்" என்றார். கோடு விழுந்த வரியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன்; அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் பூங்காவில் கூட்டம் அதிகம். பிரதியை நான் முன்னமே வாசித்திருந்ததால் ஒவ்வொரு வரியும் எனக்கு அத்துப்படி. விவசாயி பேசினார், வாத்தியார் பேசினார். மூன்றாம் தாள் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. குழாயில் பேச்சு நின்றது. நாலைந்து நொடிதான் இருக்கும். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. கம்பத்தடியில் நின்ற கான்ஸ்டபிள் அண்ணாந்து பார்த்தார். விட்டுவிடுங்கள், விட்டுவிடுங்கள் என்று முந்தானையைக் கடித்தேன். அப்புறம் அவர் குரல், கடையில் சாமான் கட்டிக் கொடுக்கும்போது பேசுவதுபோல, சாதாரணமாக, அந்த வரியைச் சொல்லிற்று. "கேக்கப்பிடாதுதான்" என்று விவசாயி ஒத்துக்கொண்டார். பூங்காவில் ஒருவரும் குழாயோடு சண்டை போடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை. கான்ஸ்டபிள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கடைசி பஸ்ஸில் அவர் வரவில்லை. விடிந்து முதல் பஸ்ஸிலும் வரவில்லை. அதில் வந்த ஒருவர்தான் சொன்னார், முந்தின நாள் ராத்திரி பஸ்ஸைப் போலீஸ் வழியில் நிறுத்தி அவரை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. நான் முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பு மூட்டவில்லை, மூட்டத் தோன்றவில்லை. எட்டு மணி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரி ஒரு சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சாமிதோப்புக்குப் போகிறவர்களின் வழக்கம்போல "அய்யா உண்டு" என்று சொல்லி, சட்டியை என் முன்னால் வைத்தாள். சுடு கஞ்சி. மேலே வாழையிலையில் பயறும் துவையலும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எடுத்துட்டுப் போ! எனக்க வீட்டுல சாவு விழுந்திட்டா? யாரு செத்தா? சொல்லு, யாரு செத்தா?" என்று கத்தினேன். அவளுக்கு எதாவது தெரிந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறாள் என்றே நினைத்தேன். அந்தக் கஞ்சியின் ஆவியைப் பார்த்தபோது வந்த பயம்போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. அவள் ஆடிப்போய்விட்டாள். "அய்யோ, அப்பிடி நெனச்சிடாத டீச்சரே. உனக்க வீட்டுல பொக இல்லியேன்னு கொண்டு வந்தேன். கேக்காம கொண்டுபோவணும்னு நேத்து அவருதானே சொன்னாரு?" என்று அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம்.

உச்சி நேரத்தில் அவர் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது, நடை சரியாக இருந்தது. முதலில் காதைத்தான் தொட்டுப் பார்த்தேன். "கேக்குது ஏட்டி, கத்தாத" என்றார். ஆறிப்போன அந்தக் கஞ்சியை உட்கார்ந்து முழுக்கக் குடித்தார். "வானொலி ஆபீசுக்கு இன்னைக்குக் காலத்த போன் அடிச்சுக் கேட்டாங்க. வரி காப்பியில உண்டுன்னு சொன்னாங்க. விட்டுட்டாங்க." பின்னே ராத்திரி முழுக்க என்னத்துக்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். "சும்மா" என்றார். தாள் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. சட்டியைக் கழுவச் சொன்னார். அதில் நான் கஞ்சி வைத்தேன். இரண்டு பேருமாக, மகனைக் குண்டுக்குப் பறிகொடுத்த அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். வாசலில் ஏற்கெனவே மூன்று சட்டிகள் இருந்தன. நோட்டுப் புத்தகத்து ஆள் பெயர் கேட்டான். சொன்னேன், அவன் எழுதி முடிக்கும்வரை நின்றேன்.

அதன் பிறகு நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்; கடையை விற்றோம்; பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். கோடு போட்டது யார் என்று என்றைக்காவது கேட்டுவிடுவாரோ என்ற பயம் மட்டும் எனக்குக் கடைசிவரை போகவில்லை. பிள்ளைகள் வீட்டில் சிவப்புப் பென்சிலை எடுத்தாலே எனக்குத் திக்கென்கும். அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். தாளை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டிருப்பார்கள் என்றும் நினைத்திருந்தேன்.

போன மாதம் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். கோட்டுக்குப் பக்கத்தில், ஓரத்தில், அவருடைய கையெழுத்து. ஊதா மசி. யாரோ சொல்லச் சொல்ல எழுதியதுபோல, கீழே ஒப்பமும் வைத்திருக்கிறார். வழக்கு இல்லை என்றானதும் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வெட்டின வரியை ஏன் வாசித்தாய், வெட்டினது யார் என்று கேட்டுத்தான் ராத்திரி முழுக்க அடித்திருக்கிறார்கள். வெறும் தாளாக இருந்திருந்தால் முத்திரையைப் பார்த்து அப்போதே விட்டிருப்பார்கள். பிடித்துவைக்க அவர்களுக்குக் காரணம் கொடுத்தது என் பென்சில்.

"இந்தக் கோடு நானே போட்டது. வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை." இவ்வளவுதான் எழுதியிருக்கிறார். சம்பந்தம் என்ற இடத்தில் மசி கொட்டியிருக்கிறது.