ஆறட்டும் என்று வைத்த தேத்தண்ணி

என் பல்லுக்கு ஆகாதவை மூன்று: சூடு, குளிர், இனிப்பு. எங்கள் மலையூர் உடப்புசல்லாவையில் இந்த மூன்றையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? விடிகாலையில் பைப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் உயிர் போய்த் திரும்பி வரும். அதனால் என் தங்கச்சிதான் தினமும் வெந்நீர் போட்டு, விரலை விட்டுப் பதம் பார்த்துக் கொடுப்பாள். குளிர்காற்று அடித்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். இதனாலேயே எனக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். இதில் கேவலம் என்னவென்றால், நான் வேலை பார்ப்பது தேயிலைத் தொழிற்சாலையில்.

தப்பு என்னுடையதுதான். பல் வெளுக்கட்டும் என்று முரட்டு பிரஷ்ஷால் வருஷக்கணக்காகக் கரிச்சட்டி விளக்குவதுபோலத் தேய்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் பல் டாக்டரம்மா என் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் வெகுநேரம் திட்டினார். மெல்லிய பிரஷ், கூச்சத்துக்கென்று விற்கிற பற்பசை, எதையும் ஆறவைத்துக் குடிப்பது என்பதுதான் திட்டின் சுருக்கம்.

இந்த லட்சணத்தில்தான் தங்கச்சிக்கு நோர்வூட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. இரண்டு பேரும் டீச்சர்கள், ஒருவருக்கொருவர் முன்பே பிடித்துப்போனவர்கள். அப்பா இல்லாத வீடு என்பதால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நல்ல வார்த்தை சொல்லிவர வேண்டியவன் நான். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன இடத்தில் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தால், பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம். அதற்குமேல் வாயால் ஒன்றும் சொல்லவே வேண்டாம். தங்கச்சிக்கு அந்தப் பயம் வந்துவிட்டது.

"அண்ணே, ஒங்க பல்லால என் கல்யாணம் நின்னுச்சுன்னா, காலம் பூரா வீட்டுலயே ஒக்காந்து ஒங்க உசுர வாங்குவேன்" என்றாள்.

துணைக்கு வந்த மாமா பஸ்ஸில் வேறு குண்டு போட்டார். பல்லைப் பற்றி அங்கே மூச்சுவிடக் கூடாதாம். பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்களாம்.

மாப்பிள்ளையின் அம்மா ஆவி பறக்கிற கிளாஸை என்னிடம் நீட்டினார். பாலும் சீனியும் தாராளம். ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்துவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். பத்து நிமிஷத்தில் ஆடை படிந்தது. இனிக் குடிக்கலாம் என்று கையை நீட்டினால், அந்த அம்மா முந்திக்கொண்டார். ஆறிப்போய்விட்டதே என்று பதறி எடுத்துப்போய், வேறொன்று கொண்டுவந்தார். அது முன்னதைவிடக் கொதி. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதை வைக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கதவோரம் நின்ற மாப்பிள்ளை என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அந்தக் குளிரிலும் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

"தம்பி, எங்க வீடு ஒங்களுக்குப் புடிக்கலன்னா மறைக்காம சொல்லிருங்க" என்றார் அந்த அம்மா.

கிளாஸை எடுத்தேன். தங்கச்சியை நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். கடைவாயில் கிளம்பிய கூச்சம் காது, நெற்றி, உச்சந்தலை என்று ஒன்றையும் விடவில்லை. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. நல்ல தேத்தண்ணி என்று எப்படியோ சொல்லி முடித்தேன். எல்லோரும் திகைத்து நிற்க, மாமா சட்டென்று என் தோளைத் தட்டினார்.

"தகப்பன் இல்லாத புள்ளைங்க. தங்கச்சி போயிருவாளேன்னு நெனச்சு அழுவுறான்."

அந்த அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்கள். சந்தோஷத்தில் லட்டு கொடுத்தார்கள். அதையும் தின்று இன்னொரு தடவை அழுதேன். இப்படி ஒரு அண்ணனா என்று அந்த வீடே என்னைக் கொண்டாடியது. நானும் வெட்கமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் தங்கச்சி வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்ததோடு சும்மா இருந்தாளா? ஒரே வாரத்தில் போன் போட்டு அத்தனையையும் மாமியாரிடம் கொட்டிவிட்டாள்.

கல்யாணம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னாலிருந்தே எனக்கு ஓட்டம்தான். மத்தியானம் நோர்வூட் போகிற வேன் வந்து நின்றது. மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்த தங்கச்சி ஜன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு வெந்நியில வெரல விட்டுப் பாத்துட்டு வாய்ல ஊத்துங்க, என்ன?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு உடைந்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் சின்னப்பிள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதேன். சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஒண்ணுமில்ல, யாரும் பயப்படாதீங்க. தம்பிக்குப் பல்லு கூசுது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆமாம், பல்தான் என்றேன். காலையிலிருந்து நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.