சோபாவில் செம்பூர் வரை

போன மாதம் மகள் வீட்டுக்கு மும்பை போனவன், செம்பூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் முழங்காலைக் காட்டப் போனேன். காத்திருக்கும் அறையில் புது சோபா ஒன்று, கடையில் போட்டனுப்பிய பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. உட்கார்ந்தால் கறுமுறு என்று சத்தம். வெயிலில் சூடான பிளாஸ்டிக்குக்கு ஒரு வாடை உண்டு, மழைக்கோட்டை முதல்முறை பிரிக்கும்போது வருமே, அது. அதை முகர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்த பெரியவர், “டிவியில உட்காராமலே உட்காருவீங்களே, அவர்தானே நீங்க?” என்றார்.

அவர்தான். இருபத்தைந்து வருஷம் தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகன் என்ற பெயரில் காலம் தள்ளினேன். வசனம் சுமார். முகபாவம் அதைவிடச் சுமார். என்னிடம் இருந்த ஒரே சரக்கு, நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் நின்று, அந்தரத்தில் குந்தியபடியே ஐந்து நிமிஷம் பேசுவது. நடுத்தர வர்க்கத்தின் நிச்சயமின்மைக்கு அது ஒரு குறியீடு என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அதை வெட்டிவைத்து வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். உங்களிடம் என்ன மறைக்க, ஒரு சோபாவுக்குப் பயந்து தொடங்கிய பழக்கம் அது.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். டெம்பரரி. மாட்டுங்காவில் ஓர் அறையில் நாலு பேர் குடியிருந்தோம். இருந்த ஒரே கண்ணாடியில் காலையில் நாலு முகமும் அடுக்கடுக்காகத் தெரியும். ஆறு மாதத்துக்குள் பர்மனென்ட் ஆகாவிட்டால் திருநெல்வேலிக்கு ரயில் ஏறவேண்டியதுதான். அங்கே மாமாவின் பாத்திரக்கடையில் எனக்காக ஒரு ஸ்டூல் காத்திருந்தது. என்னைப் பர்மனென்ட் ஆக்குவது தலைமைக் குமாஸ்தா வைத்தியநாதன் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடிகன். மாட்டுங்காவில் ஒரு சிறிய நாடகக் குழு இருந்தது. சேஷாத்ரி என்ற வங்கி ஊழியர் எழுதுவார், இயக்குவார், கதாநாயகனும் அவரே. காலைக் காட்சிக்குத்தான் மண்டபம் மலிவாகக் கிடைக்கும் என்பதால் எங்கள் நாடகங்களில் காதல், கொலை எல்லாம் காலை பத்து மணிக்கே நடந்துவிடும்.

மேடைச் சாமான்களை வீடு வீடாக இரவல் வாங்குவது வழக்கம். ஒரு வீட்டில் பீரோ, ஒரு வீட்டில் ரேடியோ. கொடுத்தவர்களுக்கு முன்வரிசையில் இரண்டு இடம், நோட்டீஸில் நன்றி. நடிகர்கள் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ‘பீரோ உதவி’ கொட்டை எழுத்தில் இருக்கும். ஜனங்கள் வருவதே தங்கள் வீட்டுச் சாமான் விளக்கொளியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். ஒரு தடவை சோகக் காட்சியில் ஒரு அம்மாள் விம்மி விம்மி அழுதார். நெகிழ்ந்துபோய் விசாரித்தால், அவர் கொடுத்த பூச்சாடியைக் கவிழ்த்து வைத்திருந்தோமாம்.

அந்த வருஷ நாடகத்தில் ஒரு கோடீஸ்வரர் வீட்டுக் கூடம் வந்தது. கோடீஸ்வரருக்கு சோபா வேண்டும். எங்கள் வட்டாரத்தில் புது சோபா ஒருவர் வீட்டில்தான் இருந்தது. அந்த ஒருவர் செம்பூரில் இருந்த என் தலைமைக் குமாஸ்தா. வெண்ணெய் நிறத் துணி போட்ட, மூன்று பேர் உட்காரக்கூடிய சோபா. வாங்கி எட்டு மாதமாகியும் உறையைக் கழற்றவில்லை; யாரும் உட்கார்ந்ததும் இல்லை. விளக்கு பட்டால் பிளாஸ்டிக் பளபளக்கும், வசனம் கேட்காது என்று சேஷாத்ரி போய் மன்றாடியதில், காட்சி நேரத்துக்கு மட்டும் உறையைக் கழற்ற அவர் மனைவி லலிதா மாமி சம்மதித்தார்.

மறுநாள் ஆபீஸில் வைத்தியநாதன் என்னைக் கூப்பிட்டார்.

“அதுல யாரு உட்காரப் போறா?”

“மத்தவாளுக்கு மர நாற்காலி சார். கல்யாணத் தரகர் மட்டும்தான் சோபாவுல. அது நான்தான்.”

அவர் என் கால்சட்டையைப் பார்த்தார். அது தினமும் லோக்கல் ரயிலில் எத்தனை பேரோடு உரசி வருகிறது என்று கணக்குப் போடுவதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“ஒன் பேப்பர் என் டிராயர்லதான் இருக்கு. அடுத்த வாரம் மேல அனுப்பணும். நீ அதுல உட்காரப்படாது.”

சேஷாத்ரியிடம் சொன்னால் வேஷம் கைமாறிவிடும். ஆறு வாரம் ஒத்திகை பார்த்த வேஷம். யாருக்கும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை திரை விலகியது. ஒட்டுக்குடுமி, மீசை சகிதம் நுழைந்தேன். கோடீஸ்வரரான சேஷாத்ரி, “உட்காருங்க தரகரே” என்றார். குனிந்தேன். முன்வரிசையில் லலிதா மாமி எழுந்தார். நான் நிமிர்ந்தேன். மாமி உட்கார்ந்தார். நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்த சேஷாத்ரி, குரலை உயர்த்தி மறுபடியும் உட்காரச் சொன்னார். மறுபடி குனிந்தேன், மறுபடி மாமி எழுந்தார். கிணற்றுக் கப்பியின் இரண்டு பக்கத்து வாளிகள் மாதிரி நானும் அவரும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். மண்டபம் அதிர்ந்தது. என் வாழ்நாளில் எனக்காக நாலு பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மாமியும் எங்கள் குழுதான் என்று பாதிப் பேர் நினைத்தார்கள்.

அந்தரத்தில் எவ்வளவு நேரம் குந்துவது? முழங்கால் நடுங்கியது. எனக்கு வசனம் இல்லாத நேரத்தில் பின்பக்கத்தை வாசல் நிலையில் சாய்த்து இளைப்பாறினேன். அட்டையால் செய்த நிலை. அன்று காலைதான் பொன்னுதுரை அதற்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தான். பொன்னுதுரை தாராவியில் கைவண்டி இழுப்பவன், எங்கள் ஊர்க்காரன். சாமான் ஏற்றுவது, திரை இழுப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

சேஷாத்ரி பொறுமை இழந்தார். அன்பாகச் சிரித்தபடி என் தோளைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினார். உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையில் மாமி முழுசாக எழுந்து நின்றார். இடைவேளை என்று நினைத்துப் பின்வரிசையில் சிலர் டீ குடிக்கப் போனார்கள். பக்கத் திரை ஓரத்திலிருந்து பொன்னுதுரை தன் உள்ளங்கையைக் காட்டினான். பச்சை. பிறகு நிலையைக் காட்டினான். பிறகு என்னைக் காட்டினான்.

அதற்கப்புறம் நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்ததற்கு அமுக்கிய சேஷாத்ரியைக் காட்டலாம், கறைக்கு யாரைக் காட்டுவது? எழுந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் டிராயரில் இருக்கும் காகிதம் டிராயரிலேயே கிடக்கும். அடுத்த காட்சி போலீஸ் ஸ்டேஷன். திரை விலகியபோது ஸ்டேஷன் நடுவில் வெண்ணெய் நிற சோபாவில் நான் இருந்தேன். இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் சற்று யோசித்து, “யோவ், சோபாவோட எப்படிய்யா வந்தே?” என்றார். கேஸ் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றேன். அதற்கும் சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் கோடீஸ்வரர் கங்கைக்கரையில் சந்நியாசம் வாங்கினார். அங்கேயும் இருந்தேன்.

நாடகம் முடிந்து மாமி மடித்த உறையோடு மேடைக்கு வந்தார், பின்னால் வைத்தியநாதன் குடையோடு. சோபாவை வண்டியில் ஏற்றவேண்டும், எழுந்திரு என்றார்கள். கால் மரத்துவிட்டது, ஒரு அடி வைக்கமுடியாது என்றேன். பொன்னுதுரை புகுந்தான். “மரத்த காலை அசைச்சா நரம்பு சுருண்டுக்கிடும் சார். இவனோட சேத்தே ஏத்திருதேன்.” எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “செம்பூர் போறதுக்குள்ள காயுதா பாப்பம்வே. அசையாம இரி” என்றான்.

இப்படியாக, பட்டப்பகலில், கைவண்டி மேல் சோபா, சோபா மேல் குடுமியும் மீசையுமாக நான், பின்னால் நடந்துவரும் தலைமைக் குமாஸ்தா தம்பதி என்று ஊர்வலம் கிளம்பியது. பஸ்ஸில் போங்கள் என்றால் மாமி கேட்கவில்லை. சோபாவைக் கண்ணைவிட்டு அகல விடமாட்டாராம். கிங்ஸ் சர்க்கிளில் டிராபிக் போலீஸ்காரர் எங்களுக்காக ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டு எனக்கு சலாம் வைத்தார். பதிலுக்கு நானும் வைத்தேன், உட்கார்ந்தபடியே. அதற்கப்புறம் சின்னப் பையன்கள் கூட்டம் ஒன்று “நவ்ரா, நவ்ரா” என்று கத்திக்கொண்டு கூடவே ஓடிவந்தது. மராட்டியில் மாப்பிள்ளை என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு அப்போது ஈரம் உள்ளாடை வரை இறங்கியிருந்தது.

சயான் தாண்டியதும் மாமியின் செருப்பு அறுந்தது. தார் ரோடு கொதித்தது. பொன்னுதுரை வண்டியை நிறுத்தினான்.

“நீங்களும் ஏறி இரிங்கம்மா. ஒங்க சோபாதான.”

மாமி கணவரைப் பார்த்தார். அவர் குடையைப் பார்த்தார். மாமி ஏறி, அந்தக் கோடியில், பச்சைப் பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியதில் பின்னால் சாய்ந்துவிட்டார்.  குர்லா வந்ததும் துணியை உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டு, “நன்னாதான் இருக்கு” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை.

செம்பூர் வந்து, வீட்டுக் கூடத்தில் சோபாவை இறக்கியாகிவிட்டது. இனி மரத்துப்போக என்னிடம் கால் இல்லை. எழுந்தேன். வெண்ணெய் நிறத்தின் நடுவே, அகலமாக, பச்சையாக, என் முழு ஜாதகமும் அச்சாகியிருந்தது. வைத்தியநாதன் குனிந்து பார்த்தார்.

“என்னது இது?”

நான் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். வாயைத் திறந்தால் திருநெல்வேலி ரயில்.

மாமி கறையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தன் முந்தானையைப் பார்த்தார்.

“வர வழியில நான் உட்கார்ந்தேனோல்லியோ. வேர்வைக்குப் புடவைச் சாயம் ஒட்டிண்டிருக்கு.”

“பட்டு சாயம் போகுமா?”

“போறதே. நீங்க வாங்கித் தந்த புடவைதானே.”

வைத்தியநாதன் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. நான் எல்லோருக்கும் முகத்தைக் காட்டியபடியே பின்பக்கமாக நடந்து படியிறங்கினேன். அந்த வாரமே என் காகிதம் மேலே போனது.

மாமி அப்புறம் அந்த உறையைப் போடவில்லை. மத்தியானங்களில் சோபாவிலேயே படுத்துத் தூங்குகிறாள் என்று வைத்தியநாதன் ஆபீஸில் புலம்புவார். எங்கள் நாடகம் எதுவானாலும் மாமிக்கு முன்வரிசையில் இடம் உண்டு, சோபா யார் வீட்டுடையதாக இருந்தாலும் சரி. நான் பாதி குனிந்தால் அவர் பாதி எழுவார். சிரிப்பில் பாதி அவருடையது. பத்து வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. நாங்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பிறகு எனக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. டிவியில் வாய்ப்பும் வந்தது. முதல் படப்பிடிப்பில் ஜோரான சோபா போட்டிருந்தார்கள். யாருடையது என்று கேட்டேன். யாருடையதும் இல்லை, ஸ்டோரில் இருந்து வந்தது என்றார்கள். கேமரா ஓடியது. குனிந்தேன், பாதியில் நின்றேன், எதிரே பார்த்தேன். விளக்கு, ஒயர், ஒரு காலி ஸ்டூல். கேமராக்காரர் கொட்டாவி விட்டார். “நீங்க பண்ணுங்க சார், சிரிப்பை நாங்க அப்புறம் சேத்துக்கிறோம்” என்றது ஒரு குரல்.

நன்றாகவே சேர்த்தார்கள், அத்தனை வருஷமும். செம்பூரில் அப்போதெல்லாம் டிவியில் தமிழ் வராது. வர ஆரம்பித்தபோது மாமி இல்லை.