மூன்றாவது வார்த்தை

பதினொரு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் மூன்று: மூச்சை "இழுங்க", "புடிங்க", "விடுங்க". எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. எலும்பையே படம் பிடித்து அலுத்துப்போய், பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. காத்திருப்போர் கூடத்தில் பெரிதாக ஒரு படம் மாட்டப்போகிறார்கள் என்றதும், "நான் எடுத்துத் தர்றேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பெரிய டாக்டருக்குப் பனிக்கால மலை வேண்டும், ஏரி வேண்டும். கெடு முடியும் நாள் காலை ஒன்பது மணிக்குள் படம் வராவிட்டால் கடையில் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் அந்தச் சுவரைப் பார்த்து வயிறெரிய வேண்டியதுதான்.

கடைசி நாள். விடிந்ததும் விடியாததுமாக, பஸ் ஓட்டும் கணவரைப் போர்வைக்குள்ளிருந்து பிடுங்கியெடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள். மலையைக் காணோம். ஏரியையும் காணோம். மூடுபனி எல்லாவற்றையும் வாரிச் சுருட்டி வைத்திருந்தது.

"நேத்து இங்கதானே இருந்துச்சு?" என்றார் கணவர்.

அவரை முறைக்கத் திரும்பியவள் வழுக்கி, தொபுக்கடீர் என்று குப்புற விழுந்தாள்.

"ஐயோ! எலும்பு கிலும்பு போச்சா?"

அவள் மூக்குக்கு நேரே காய்ந்த புல் ஒன்று நின்றது. கதிர் முழுக்க உறைபனி, ஊசி ஊசியாக, கிளை கிளையாக. ஒரு குளிர்காலம் பூராவும் இதையெல்லாம் மிதித்துக்கொண்டா மலையைத் தேடி அலைந்தோம்! அவளுக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது.

பதறிப்போன கணவர் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தார். அவருடைய சூடான மூச்சு பட்டு ஓரத்து ஊசிகள் இரண்டு சொட்டாகிப் போயின.

"இழுங்க!" என்று அலறினாள். "புடிங்க! அசையாதீங்க!"

ஆஸ்பத்திரிக் குரல். மனுஷர் அப்படியே கட்டுப்பட்டார். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை இப்படி நகர்த்தினாள், அப்படி நகர்த்தினாள். மூன்றாவது வார்த்தை சுத்தமாக மறந்துபோயிற்று. கணவரின் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. கிளிக்! மறுநொடியே அவர் 'ப்பூஊ' என்று வெடிக்க, புல் மொட்டையாகிவிட்டது.

"விடுங்கன்னு சொல்லவே இல்லையே நீ!"

ஒரே ஒரு படம். தெளிவாக விழுந்திருந்தது. இரண்டு பேரும் பனியில் உருண்டு உருண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், முழங்காலெல்லாம் சேறும் ஈரமுமாக, பெரிய டாக்டரின் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்தாள்.

"எந்த மலைம்மா இது? இவ்வளவு அடர்த்தியான காட்டை நான் பாத்ததே இல்லையே!"

"புல்லுங்க டாக்டர். சுண்டு விரல் உயரம்தான் இருக்கும்."

டாக்டர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு வருஷப் பழக்கம், அவர் மார்பு அசையவில்லை என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"விடுங்க டாக்டர்" என்றாள்.

விட்டார். "ஆணியடிக்க ஆளைக் கூப்பிடு" என்றார்.