பத்து எட்டுத் தொலைவு

அலைக்கு வேலியிட எவருக்கும் உரிமை இல்லை என்பதை நான் எந்த மேடையிலும் நிறுவுவேன். முதன்முதலில் அதை நிறுவியபோது எனக்கு வயது பதின்மூன்று; பேச்சுப்போட்டியில் வென்ற கோப்பையின் பளபளப்பு அப்போது மங்கியிருக்கவில்லை.

அத்தையின் காரியம் முடிந்த மறுநாள், மாமா அஸ்திக் கலயத்துடன் கிழக்குக் கடலில் உள்ள சிறு தீவு ஒன்றுக்குப் புறப்பட்டார். பிள்ளையில்லாத வீடு, துணைக்கு நான் சென்றேன். மணமான புதிதில், வாழ்வில் ஒரே ஒருமுறை, அத்தை கடலில் கால் நனைத்தது அங்கேதான். நீரைச் சேரும்வரை கலயத்தைத் தரையில் வைக்கலாகாது என்பது எங்கள் வழக்கம். செம்பட்டியில் பேருந்து ஏறியது முதல் படகிலிருந்து இறங்கியது வரை மாமா அதை இரு கைகளாலும் ஏந்தியிருந்தார். தேநீரைக்கூட நான்தான் அவர் வாயருகே பிடித்தேன்.

கரைக்குச் செல்லும் வழியை ஒரு சொகுசு விடுதியின் வேலி மறித்திருந்தது. ‘விருந்தினருக்கு மட்டும்’ என்றது பலகை.

“அவ கால் நனைச்ச எடம் அந்தா தெரியுது பாரு, அப்பு. பத்து எட்டு போய்க் கரைச்சுட்டு வந்துர்றேன்,” என்றார் மாமா, வாசலில் நின்ற காவலாளியிடம்.

காவலாளி கலயத்தைப் பார்த்தார்; பின்பு அலுவலகத்தைப் பார்த்தார்.

“மேனேஜர் சாப்டுறாரு அண்ணே. சத்தமில்லாமப் போயிட்டு வந்துருங்க.”

கதவு ஒரு சாண் திறந்தது. ‘சத்தமில்லாமல்’ என்ற சொல் என்னைச் சுட்டது.

“கெஞ்சிப் பெறுவதற்கு இது சலுகையா? கடற்கரை யார் வீட்டுப் பட்டா நிலம்?” என்று தொடங்கினேன். அடுக்கடுக்கான வினாக்கள், ஏறி இறங்கும் குரல், உரிய இடத்தில் உயரும் கை. விருந்தினர் சிலர் வந்து கைப்பேசியில் படம் பிடித்தனர். ஒருவர் கைதட்டவும் செய்தார்.

“தாயி, போதும் தாயி,” என்றார் மாமா. நான் இன்னும் முடிவுரைக்கு வந்திருக்கவில்லை.

மேலாளர் எச்சில் கையோடு வந்தார். “யார் சொல்லிய்யா கதவத் தொறந்த?”

காவலாளி தலைகுனிந்து கதவைப் பூட்டினார்.

படகுத்துறையில், டீசல் மிதந்த நீரில் அத்தையைக் கரைத்தோம். கூடவே தூவிய எங்கள் தோட்டத்து மல்லிகை மட்டும் கடலுக்குப் போகாமல் படகுகளுக்கிடையே சுற்றிச் சுற்றி வந்தது.

திரும்பும் பேருந்தில், “நல்லாப் பேசுன தாயி,” என்றார் மாமா. கோப்பை வாங்கிய நாளைவிடப் பெருமையாக இருந்தது. அவருடைய கைகள் மட்டும் மடிமீது கலயத்தின் வடிவிலேயே குவிந்திருந்தன. செம்பட்டி வரும்வரை அவர் அவற்றைப் பிரிக்கவில்லை. நெடுநேரம் ஏந்தியதில் மரத்துப்போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு, நான் அடுத்த போட்டிக்கான உரையை மனத்துக்குள் தொடங்கினேன்.